டத்தோவுக்கு ஒரு வரவேற்புரை

'டத்தோ' பட்டம் பெற்ற மலேசிய அமைச்சர் ஒருவர் இத்தாலியின் பலேர்மோ நகருக்கு வருகிறார் என்று தெரிந்ததும் தமிழ்ச் சங்கச் செயலாளர் சிவபாலன் நேரே ஒரேத்தோ பகுதியிலிருந்த சந்திரமதியின் வீட்டுக்குப் போனார். அங்கிருந்த யாழ்ப்பாணத்துக்காரர் நடுவில் மலேசியாவில் பிறந்தவள் அவள் ஒருத்திதான்.

"அக்கா, டத்தோ அம்பலவாணன் உங்கட தொகுதியாமே. வரவேற்புரை நீங்கதான் சொல்லவேணும்."

"அந்தாளின்ர பேரை என்ர வீட்டுக்குள்ள சொல்லாதேங்கோ."

சிவபாலன் சிரித்தார். "இருபது வருசத்துக்கு மேல ஒரே தொகுதியில வெல்லுறதெண்டால் சும்மாவோ? சனம் விரும்பாமலோ வாக்குப் போடுது?"

அந்தக் கேள்வி அவளைச் சுட்டது. "சரி. கதைக்கிறன்" என்றாள்.

சந்திரமதி செம்மேட்டு ரப்பர்த் தோட்டத்தில், பால்மரம் வெட்டும் குடும்பத்தில் பிறந்தவள். அம்பலவாணன் முதல்முறை தேர்தலில் நின்றபோது அவளுக்குப் பதினாறு வயது. பசை வாளியோடு தோட்டம் முழுக்கச் சுவரொட்டி ஒட்டினாள். பின்னர் தோட்டத்தை விற்றார்கள். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களை இடித்துக் கோல்ப் மைதானம் போட்டார்கள். மாற்று வீடு கிடைக்கும் வரை என்று சொல்லி எல்லாரையும் ஒரு தகரக் கொட்டகையில் வைத்தார்கள். வீடு வரவில்லை. அடுத்த வருடம், யாழ்ப்பாணத்துக் கப்பல் வேலைக்காரனான மகேந்திரராசாவைக் கட்டிக்கொண்டு அவள் கிளம்பினாள். பலேர்மோத் துறைமுகத்தில் அவனுக்கு வேலை கிடைத்தது. அவள் இத்தாலிய எசமானிகளான சிக்னோராக்களின் வீடுகளைத் துடைத்தாள். கொட்டகையிலேயே அப்பா செத்துப்போன செய்தி இங்கேதான் வந்து சேர்ந்தது.

விழாவன்று மண்டபத்துக்கு நடக்கும்போது மகேந்திரராசா தயங்கினான். "பிரச்சினை ஒண்டும் வேண்டாம், சந்திரா. இஞ்சை தங்கியிருக்கிற பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கிற நேரம்."

"அந்தாளோ இஞ்சை பெர்மெஸ்ஸோ குடுக்கிறார்?"

மண்டபம் நிறைந்திருந்தது. அமைச்சரின் கழுத்து மாலைக்குள் புதைந்திருந்தது. சந்திரமதி ஒலிவாங்கியைப் பிடித்தாள். வீட்டில் யாழ்ப்பாணத் தமிழ் பேசுகிறவளுக்கு, கோபம் வந்தால் தோட்டத்துப் பேச்சு வந்துவிடும்.

"எழுபத்து நாலுல சைக்கிள்ல வந்தீங்க, டத்தோ. லயத்துக்குத் தண்ணிக் குழாய் வரும்னீங்க. எழுபத்தெட்டுல கார்ல வந்தீங்க. ஜெயிச்சுத் துணையமைச்சர் ஆனீங்க. குழாய் வரலே. எண்பத்திரண்டுல ஜெயிச்சு முழு அமைச்சர் ஆனீங்க. மறுவருசமே எங்க லயத்தை இடிச்சாங்க. உங்க வாசல்ல வெயில்ல நின்னோம். நீங்க பின்கதவு வழியாப் போயிட்டீங்க. செம்மேட்டுத் தோட்டம்னு ஒண்ணு இருந்திச்சு. ஞாபகம் இருக்கா?"

அமைச்சர் எழுந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"நீ சடையன் மகள் சந்திராதானே? கடைசி லயம், கோயில் பக்கத்து வீடு. உங்கப்பா வைக்கிற கருவாட்டுக் குழம்பு நாலு வீட்டுக்கு மணக்கும். உன் தம்பிக்குக் காதுல சீழ் வடியுமே, சரியாயிடுச்சாம்மா?"

கைதட்டல் கூரையைத் தொட்டது. இத்தனை வருடம் கழித்தும் ஒரு தோட்டத் தொழிலாளியின் பெயரைச் சொல்கிறாரே என்று சிவபாலனுக்குக் கண் கலங்கிவிட்டது.

சந்திரமதி ஒலிவாங்கியை விடவில்லை.

"எல்லாம் தெரியுதா? கருவாட்டுக் குழம்புகூட? நீங்க மறந்துட்டீங்கன்னுதான் இத்தனை வருசமா மனசை ஆத்திக்கிட்டேன். ஆயிரம் வேலை உள்ள மனுசன், எங்களை எங்க ஞாபகம் வச்சிருக்கப் போறார்னு. அப்ப எங்க வீடு, எங்க பேரு எல்லாம் தெரிஞ்சேதான் இடிக்க விட்டீங்களா?"

"சகோதரி உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க" என்றார் அமைச்சர், கூட்டத்தைப் பார்த்துக் கனிவாக. சிவபாலன் ஓடிவந்து ஒலிவாங்கியைப் பிடுங்கினார். யாரோ நாதஸ்வரக் கசெட்டைப் போட்டுவிட்டார்கள். முன்வரிசைப் பெண்கள் அவளைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மகேந்திரராசா மட்டும் எழுந்துவந்து அவள் கையைப் பிடித்தான். இருவரும் சாப்பிடாமல் வெளியேறினார்கள்.

அதற்குப் பிறகு சங்கத்திலிருந்து எந்த அழைப்பும் வரவில்லை. சந்தையில் எதிர்ப்பட்டாலும் சிவபாலன் பேசுவதில்லை.

தொண்ணூற்றொன்பதில் மலேசியாவில் மறுபடியும் தேர்தல் வந்தது. முடிவு தெரிந்துகொள்ள, ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த தொலைபேசிக் கடைக்குப் போய்த் தம்பியை அழைத்தாள்.

"டத்தோதாங்கா ஜெயிச்சாரு."

"நீ யாருக்குப் போட்ட?"

"அவருக்குத்தான். எதிர்த்து நின்னவன் இந்தப் பக்கமே எட்டிப் பார்க்கலேக்கா. இவராச்சும் அப்பா சாவுக்கு வந்து மாலை போட்டாரு."

இதை அவளுக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை.

"அந்தத் தகரக் கொட்டகைக்குள்ளயா? குனிஞ்சு உள்ள வந்தா மாலை போட்டாரு?"

"ஆமாக்கா. அழுதாரு."

அவள் ரிசீவரை அறைந்து வைத்தாள். கூண்டின் கண்ணாடி அதிர்ந்தது. கல்லாவிலிருந்தவன் எட்டிப் பார்த்து, "கால்மா, சிக்னோரா" என்று அமைதிப்படுத்தப் பார்த்தான். அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

பிறகு மறுபடியும் தம்பியின் எண்ணை அழுத்தினாள். திட்டவேண்டியது இன்னும் நிறைய இருந்தது.