சாலைக்கு அடியில் போன தண்ணீர்

எழுபதுகளின் தொடக்கத்தில், ஒரு காலாண்டு விடுமுறையின்போது, சென்னைப் பள்ளி ஒன்றின் மாணவர்கள் முப்பது பேர் கம்மாபுரம் பக்கத்துக் கிராமத்தில் பத்து நாள் முகாம் போட்டார்கள். கிராமத்தில் தங்கி, கிராமத்து வேலை செய்து படிப்பதாம். நான் அவர்களுக்குச் சமையல்காரன். ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டு, லாரியில் ஓடி, ஓட்டலில் மாவாட்டி, விருத்தாசலத்தில் பீங்கான் குழாய் சுமந்து, அந்த வேலையும் போன பிறகு கிடைத்தது இது. சாப்பாடு உண்டு. படுக்க மாட்டுக் கொட்டகை. குறையில்லை.

ஏரி வாய்க்கால் தண்ணீரைச் சாலைக்கு அடியில் பீங்கான் குழாய் வழியாக அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டும். ஊர் அவர்களுக்குக் கொடுத்த வேலை அதுதான். அங்கே தனியாகப் பயிர் வைக்கும் ஒரு பெண்ணின் நாற்றங்கால் காய்ந்துகொண்டிருந்தது. குடம் குடமாகச் சுமந்து ஊற்றி அதற்கு உயிர் கொடுத்துக்கொண்டிருந்தாள். போகும்போதும் வரும்போதும் பையன்கள் தோண்டும் பள்ளத்தை எட்டிப் பார்த்துச் சொல்வாள்:

"வரப்புல நடக்கத் தெரியல, வாய்க்கா வெட்ட வந்துட்டாங்க. நல்லாத் தின்னுங்க சாமி."

குழாய் பதித்து மூடி, எட்டாம் நாள் மடையைத் திறந்தார்கள். இந்தப் பக்கம் நுழைந்த தண்ணீர் அந்தப் பக்கம் வரவில்லை. சாலைதான் நனைந்து உள்வாங்கியது. குழாய் முனையை எட்டிப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது. ஒவ்வொரு குழாயின் அகன்ற வாயும் தண்ணீர் வரும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். அத்தனையையும் திருப்பிப் போட்டிருந்தார்கள். இணைப்புக்கு இணைப்பு ஒழுகியது.

பையன்களோடு வந்திருந்த வாத்தியாரிடம் சொன்னேன்.

"நீ சாம்பாரப் பாருய்யா."

"அது தானா கொதிக்குதுங்க. ரெண்டு வருஷம் இதத் தலையில சொமந்தவன் சொல்றேன். இப்படிப் போட்டா வராதுங்க."

அவர் சாலையைப் பார்த்தார். சட்டையைக் கழற்றிவிட்டு முதல் ஆளாகப் பள்ளத்தில் இறங்கினார்.

நான் அடுப்பைத் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பெண் குடத்தைக் கீழே வைத்தாள்.

"நீ எறங்குய்யா. சோத்த நான் பாத்துக்கறேன்."

இரண்டு நாளும் அவள்தான் சமைத்தாள். நாங்கள் தோண்டி, குழாய்களைத் திருப்பிப் போட்டு, களிமண் அடைத்து மூடினோம். பத்தாம் நாள் காலை மடை திறந்தது. முதலில் காற்று சீறியது, பிறகு சேறு, பிறகு தண்ணீர். முப்பது பேரும் போட்ட கூச்சலில் கட்டியிருந்த மாடுகள் மிரண்டன. அவள் குடத்தை வரப்பில் கவிழ்த்து வைத்தாள்.

பையன்களைக் கூட்டிப்போக வந்த பஸ் சாலையில் ஹாரன் அடித்தது.

"அது நிக்கட்டும். சோறு ஆறிப்போவுது, நல்லாத் தின்னுட்டுப் போங்க சாமி" என்றாள்.

வாத்தியார் தன் பக்கத்தில் எனக்கு ஓர் இலை போட்டார். அன்று நான் பரிமாறவில்லை. பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.