கடல் நத்தையும் எங்கள் பசுவும்

காட்டுப்பன்றிக்காகப் போட்ட மின்வேலியில் எங்கள் பசு மூக்கை வைத்துவிட்டது. அன்று மாலை பால் கறக்க மடியில் கை வைத்தேன், ஒரே உதை. செம்பு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். சாமைக் கொல்லையைச் சுற்றி அந்தக் கம்பியை இழுத்தவர் என் வீட்டுக்காரர். "பன்னிக்குப் போட்டீங்களா, மாட்டுக்குப் போட்டீங்களா?" என்று அவரை வாய் ஓயாமல் திட்டினேன்.

மாட்டையும் சும்மா விடவில்லை. உதைக்கும்போதெல்லாம் கயிற்றை மடக்கி முதுகில் ஒன்று வைத்தேன். இப்படியே பத்து நாளுக்கு மேல் போயிற்று. மிளகாய் சுற்றிப் போட்டும் பார்த்தாயிற்று. கடைசியில் ஒடுகத்தூர் மாட்டுத் தரகரை வரச் சொன்னோம். உதைக்கிற மாட்டைக் கறவைக்கு யார் வாங்குவார்கள்? அது எங்கே போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியும். கன்றிலிருந்து நான் வளர்த்த மாடு. இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

தரகர் வருவதற்கு முந்தின நாள்தான், கல்லூரியில் விலங்கியல் படிக்கும் மகள் தேர்வுக்குப் படிக்க வீட்டுக்கு வந்திருந்தாள். மறுநாள் காலை நான் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். அவள் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி அது, ஷாக்கு ஷாக்குன்ற?"

"கடல் நத்தைம்மா, ஓடு இருக்காது. அது வால்ல ஷாக் குடுத்துட்டு, அப்புறம் வேற எடத்துல லேசா தொட்டாக்கூட செவுள இழுத்துக்குது."

நான் கடலையே பார்த்ததில்லை. ஆனாலும் புளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். அடி விழுந்ததும் பக்கத்து நரம்புச் செல்கள் செரட்டோனின் என்ற ஒரு ரசாயனத்தைக் கசியவிடுமாம். அது பட்டதும், தொடுகையை உணரும் செல், செவுளை இழுக்கும் செல்லுக்கு முன்னைவிட உரக்கச் சேதி சொல்லுமாம்.

"ஒரு தடவைன்னா கொஞ்ச நேரத்துல சரியாய்டும். நாள் கணக்கா குடுத்தா, ரெண்டு செல்லுக்கும் நடுவுல புதுசா இணைப்பே மொளைச்சிடும்."

எனக்கு ஒரே குஷி. "கேட்டீங்களா, எல்லாம் உங்க வேலியால வந்த வினை!" என்று வீட்டுக்காரரைப் பார்த்துக் கத்தினேன். 

அப்போது தரகர் வந்தார். "உதைக்கும், பார்த்து" என்றேன். அவர் முதுகைத் தடவினார், மடியைத் தொட்டார், உட்கார்ந்து நாலு பீச்சு கறந்தும் பார்த்தார். மாடு அசையவில்லை.

"இன்னாக்கா, இதையா உதைக்குதுன்னு சொன்னீங்க? கன்னுக்குட்டியாட்டம் நிக்குது."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. நான் போய் உட்கார்ந்தேன். கை மடியில் படக்கூட இல்லை. எட்டி உதைத்தது.

மகள் என் முகத்தைப் பார்க்காமல் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். "அந்த நத்தைய ரெண்டு எடத்துல தொட்டுப் பாத்திருக்காங்கம்மா. ஒரு எடத்துல தொடும்போது மட்டும் கூடவே ஷாக்கு. அப்புறம் அந்த எடத்துல தொட்டாதான் ரொம்ப மிரளுது. இன்னொரு எடத்துல தொட்டா அவ்ளோ இல்ல."

வேலி அதை அடித்தது ஒரே ஒரு தடவை. மிச்சம் அத்தனையும் என் கை. வேளாவேளைக்கு, மறக்காமல், மடியில் தொட்டுத் தொட்டு அடித்திருக்கிறேன். அடிப்பாவி என்று என்னையே சொல்லிக்கொண்டேன்.

தரகரைத் திருப்பி அனுப்பிவிட்டோம். இப்போது கறப்பவர் என் வீட்டுக்காரர். கறந்து பழக்கமில்லாமல் பாதிப் பாலைத் தரையில்தான் கறக்கிறார்; நான் ஒரு வார்த்தை சொல்வதில்லை. "லேசா தொடறதையே அடிக்காம திரும்பத் திரும்ப செஞ்சா பயம் கொறையலாம்மா, ஆனா நாளாகும்" என்று சொல்லிவிட்டு மகள் தேர்வுக்குப் போனாள்.

நேற்றுத் தவிட்டுத் தண்ணீர் வாளியை நானே கொண்டுபோய் வைத்து, தொடாமல் பக்கத்தில் நின்றேன். தலையைக் குனிந்து குடித்தது. குடித்து முடிக்கும்வரை, நான் நின்ற பக்கத்துத் தோல் மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தது.