பந்தயக் காளையும் ரங்கம்மாளும்

அணைக்கட்டு ஊர்ப் பக்கத்தில் மலடு என்ற சொல்லைச் சொல்ல யாரும் கூச்சப்பட்டதில்லை. உப்புப் பூத்த நிலம் மலடு, காய்க்காத மாமரம் மலடு, சினை பிடிக்காத கிடாரி மலடு. கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து ரங்கம்மாளும் அந்த வரிசையில் சேர்ந்தாள். நிலத்துக்கும் மரத்துக்கும் காது இல்லை. இவளுக்கு இருந்தது, பாவம்.

மாமியார் சௌந்தரம் ஒரே மூச்சில் இரண்டு முடிவு எடுத்தாள். தொழுவத்தில் இருந்த மலட்டுக் கிடாரியை, ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புகளுக்காக வெட்டுமாடு பிடிக்கும் அமீர் பாஷாவிடம் விற்பது. அந்தப் பணத்தில் தாலி வாங்கி, மகன் கோதண்டபாணிக்கு இரண்டாம் கல்யாணம் செய்துவைப்பது. பெண்ணும் பார்த்தாயிற்று. ரங்கம்மாள் பிறந்த வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அங்கே அண்ணியின் கையை எதிர்பார்த்து எப்படிக் காலம் தள்ளுவது என்று அவள் பயந்தாள்.

அந்த வீட்டுக் காளை சாதாரணக் காளை இல்லை. தை மாத எருது விடும் விழாக்களில் ஜெயித்து, கொம்பில் துண்டு கட்டிக்கொண்டு வந்த காளை. அதனால் கிடாரியை வேறு காளையிடம் ஓட்டிப்போக வேண்டும் என்று யாருக்கும் தோன்றவே இல்லை. ஓட்டத்தில் ஜெயித்த காளைக்குக் குறை இருக்கும் என்று எவன் நினைப்பான்? நல்ல புத்திசாலிகள்!

ரங்கம்மாளுக்குத் தோன்றியது. சித்திரையில், மேய்க்கப் போவதாகச் சொல்லி, கிடாரியை ஏரிக்கு அந்தப்புறத்து ஊரில் இருந்த ஒரு நோஞ்சான் காளையிடம் ஓட்டிப்போனாள். பிறகு வாயைத் திறக்கவில்லை. சினை பிடிக்காமல் போயிருந்தால் சொல்ல அவளிடம் ஒன்றும் இருந்திருக்காது.

ஆவணியில் அமீர் பாஷா வந்தார். சினை மாட்டை வெட்டுக்கு வாங்குவதில்லை என்பது அவருடைய வழக்கம். எந்தக் கிடாரியானாலும் வயிற்றைப் பார்க்காமல் கயிற்றைத் தொடமாட்டார். பல்லைப் பார்த்தார், தோலைத் தடவினார். பிறகு முஷ்டியை அடிவயிற்றில் அழுத்தி அப்படியே நின்றார். ரங்கம்மாள் தொழுவத்து வாசலுக்கு வந்து நின்றாள்.

"இது செனையா கீதும்மா. உள்ள கன்னு தட்டுது. நான் வாங்கமாட்டேன்."

சௌந்தரம் நம்பவில்லை. இத்தனை நாள் பிடிக்காதது இப்போது எப்படிப் பிடித்தது என்று அவரிடமே சண்டைக்குப் போனாள். ரங்கம்மாள் முன்னால் வந்தாள்.

"நான்தான் வேற காளைகிட்ட ஓட்டிக்கினு போனேன் அத்தே. கொற கெடாரிகிட்ட இல்ல, நம்ம காளைகிட்ட."

காளையைப் பற்றி மட்டும்தான் சொன்னாள். பக்கத்தில் நின்ற கோதண்டபாணியின் முகம் கறுத்துவிட்டது. அடிக்கப்போகிறான் என்றே அவள் நினைத்தாள். அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான்.

இரண்டாம் கல்யாணம் நின்றது. பெண் வீட்டுக்கு அவனே போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். காரணம் மட்டும் சொல்லவில்லை. ஊர் ரங்கம்மாளை மலடி என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அந்த மௌனத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. மானம் அவனுக்கு, பழி இவளுக்கா?

தை கடைசியில் கிடாரிக்கு வலி எடுத்தது. தலைச்சன் கன்று, கால் மடங்கிச் சிக்கிக்கொண்டது. கிடாரி கதறியது. அதை வளர்த்தவள் ரங்கம்மாள். அவள் கைக்குத்தான் அடங்கும். ஆனால் மலடி ஈனும் இடத்தில் நிற்கக் கூடாது என்பது அங்கே வழக்கம். கூடியிருந்த பெண்கள் அவளை மறித்தார்கள். மலடி நிழல் பட்டால் கன்று தங்காது என்றாள் சௌந்தரம். மாட்டின் கண் செருகிக்கொண்டே போனது.

கிடாரியின் கழுத்தைப் பிடித்திருந்த கோதண்டபாணி அதை விட்டுவிட்டு எழுந்தான். அத்தனை பேர் முன்னால், தாயைப் பார்த்துச் சொன்னான்.

"அவள உள்ள உடு. கொற எங்கிட்ட கீது."

பெண்கள் வழிவிட்டார்கள். ரங்கம்மாள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. முந்தானையைச் செருகிக்கொண்டு, மாட்டின் பக்கத்தில் உட்கார்ந்து, கையை உள்ளே விட்டாள்.