தியாகராஜா அண்ணையின் ஆய்வுரை

லண்டனில் தமிழர் யார் புத்தகம் வெளியிட்டாலும் தியாகராஜா அண்ணைதான் ஆய்வுரை. புத்தகத்தை வாசித்தாரா என்று மட்டும் கேட்கக் கூடாது. முன்னட்டையைப் பார்ப்பார், பின்னட்டையில் எழுத்தாளரின் படத்தைப் பார்ப்பார், முக்கால் மணி நேரம் பேசுவார். தமிழின் தொன்மையில் தொடங்கி அவர் நாங்கள் கூடியிருக்கிற இல்ஃபோர்டுக்கு வந்து சேர்வதற்குள் முன்வரிசையில் பாதிப்பேர் தூங்கிவிடுவார்கள். கவிதை, சோதிடம், நீரிழிவு எல்லாவற்றுக்கும் ஒரே உரைதான். கேட்டுக் கேட்டு எனக்கே அது மனப்பாடம்.

மற்றபடி தங்கமான மனிதர். குட்மேய்ஸில் எங்கள் பக்கத்து வீடு. முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓட்டும்போது வாயைத் திறக்க முடியாமல் அடக்கி வைத்ததையெல்லாம் இப்போது மேடையில் கொட்டுகிறார் என்பது அவருடைய மனைவி தவநாயகி அக்காவின் கண்டுபிடிப்பு.

இவர்களுடைய ஒரே மகள் ஜெனோஜா ‘சோல்’ என்கிற ஆங்கிலப் பாட்டு வகையின் பாடகி. அடிவயிற்றிலிருந்து எடுத்து, நெஞ்சைத் திறந்து பாடுகிற பாட்டு அது. அவளுடைய முதல் ஆல்பம் வெளிவந்தது. பெயர் ‘டிப்போ’. அட்டையில் ஒரு சிவப்பு பஸ். ஆங்கிலப் பத்திரிகை ஒன்று நான்கு நட்சத்திரம் கொடுத்தது. நம்மவர்கள் அவ்வளவு தாராளம் இல்லை. “குரல் நல்லாத்தான் இருக்கு. ஆனா பிள்ளை ஏன் இப்பிடி அழுது பாடுது? ஏதும் காதல் தோல்வியோ?” என்று எங்கள் தெருப் பிரசாந்தினி என்னிடமே விசாரித்தாள். அவளும் முழுப்பாட்டுக் கேட்டவள் இல்லை.

அண்ணை உடனே வெளியீட்டு விழா என்று கிளம்பிவிட்டார்.

“லோஞ்ச் பார்ட்டி முடிஞ்சுதே அப்பா” என்றாள் ஜெனோஜா.

“அது வெள்ளைக்காரருக்கு. மேடை போட்டு வெளியிடாட்டி எங்கட சனத்துக்கு உந்த ஆல்பம் வந்த மாதிரியே இராது.”

“ஓகே. ஆனா ஒரு கண்டிஷன். நீங்கள் பேசுறதுக்கு முதல் ஒருக்கா முழுசாக் கேளுங்கோ. பிராமிஸ்?”

“ஓம், ஓம்.”

எங்கே கேட்பது? அழைப்பிதழில் யார் பெயரை முதலில் போடுவது என்ற பஞ்சாயத்துக்கே அவருக்கு நேரம் போதவில்லை. பின்னேரங்களில் அவள் வந்து “கேட்டாச்சோ?” என்பாள். “கேட்டுக்கொண்டிருக்கிறன்” என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பாட்டுக் கேட்க எவ்வளவு நேரம் ஆகும்?

இல்ஃபோர்டில் மண்டபம். எட்டு மணிக்குக் கதவைப் பூட்டுவேன் என்று பராமரிப்பாளர் முதலிலேயே சொல்லிவிட்டார். விளக்கேற்றினார்கள். வரவேற்பு நடனம் நடந்தது. ஆசியுரைக்குப் பிறகு வாழ்த்துரைக்கு நான்கு பேர் ஏறினார்கள், ஒருவரும் இறங்குவதாக இல்லை. பிறகு சிறப்புப் பிரதி வாங்குகிறவர்கள் ஒவ்வொருவராக மேடைக்கு வந்து இசைத்தட்டை நெஞ்சோடு பிடித்துப் படம் எடுத்தார்கள். அதைப் போட்டுக் கேட்கிற பெட்டி ஒருவர் வீட்டிலும் இல்லை. அடுத்தது ஆய்வுரை. ஜெனோஜா பாடுவது எல்லாவற்றுக்கும் கடைசியில். பாடகிக்காக எடுத்த விழாவில் பாட்டு கடைசி! மேடை ஓரத்தில் டிரம்ஸ் வாசிக்கும் பையன் சிற்றுண்டிக்கு வைத்த மட்டன் ரோல்ஸ் தின்று தின்று களைத்துப்போயிருந்தான்.

அண்ணை மைக்கைப் பிடித்தபோது மணி ஏழரை. முக்கால் மணி நேர உரையும் அரை மணி நேரமும் எப்படிப் பொருந்தும்? தமிழின் தொன்மை முடிந்தது. யாழ்ப்பாணம் முடிந்தது. ஆல்பத்துக்கு வந்தார்.

“இதிலே வருகின்ற அந்த வீணையின் நாதம் இருக்கிறதே…”

கைதட்டல் அதிர்ந்தது. ஆல்பத்தில் வீணையே இல்லை.

ஜெனோஜா கோபப்படவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. மேடை ஓரத்தில் குனிந்து, தன் மைக் வயரைக் கழற்றிச் சுற்றத் தொடங்கினாள்.

பேச்சின் நடுவே அண்ணை அதைக் கண்டுவிட்டார். முப்பது வருடம் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்து ஓட்டிய கண் அல்லவா? நிறுத்தினார். மைக்கை ஒருமுறை தடவினார்.

“சபையோர் மன்னிக்கவேணும். வீணை இருக்கோ எண்டு எனக்குத் தெரியாது. நான் இன்னும் கேக்கேல்லை. இப்பதான் கேக்கப்போறன்.”

இறங்கி வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார். சபை பதறியது. “அண்ணைக்குப் பிரஷரோ?” என்று ஒருவர் தண்ணீரோடு ஓடினார். இன்னொருவர் நாடி பிடித்தார். “விடுங்கோ, இப்பதான் சுகமா இருக்கிறார்” என்றார் தவநாயகி அக்கா.

ஜெனோஜா வயரை மறுபடி செருகிப் பாடினாள். முதல் பாட்டே ‘டிப்போ’. ஆங்கிலம்தான், ஆனால் எனக்கும் விளங்கியது. ஷிப்ட் முடிந்து அப்பா வரும்வரை பஸ் டிப்போ வாசலில் நிற்கும் சின்னப்பிள்ளை. வீட்டுக்குக் காரில் போகிற வழியில் அவர் களைப்பில் ஒன்றும் பேசுவதில்லை. அவருக்குத் தூக்கம் வராமல் இருக்கப் பின்சீட்டிலிருந்து அவள் பாடிக்கொண்டே போவாள். அண்ணையின் கையில் தண்ணீர்க் கோப்பை அப்படியே இருந்தது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், அதில் என்ன வெட்கம்.

எட்டு மணிக்கு மேடை விளக்குகள் அணைந்தன. நன்றியுரைக்காரர் காகிதத்தோடு வந்து அப்படியே திரும்பிப் போனார். “எப்பிடி அண்ணை ஆல்பம்?” என்று எல்லாரும் கேட்டார்கள். அண்ணை தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். நாற்காலிகளை அடுக்கப் போனார். எல்லாவற்றையும் அடுக்கி, ஒன்றை மட்டும் விட்டு, அதில் உட்கார்ந்தார்.

“பிள்ளை, அந்த டிப்போப் பாட்டை இன்னொருக்காப் பாடுவியோ?”

மைக்கெல்லாம் வேனில் ஏற்றியாகிவிட்டது. அவள் அவருக்குப் பின்னால் போய் நின்று சும்மா பாடினாள். வாசலில் பராமரிப்பாளர் சாவிக்கொத்தை ஆட்டினார். தவநாயகி அக்கா அவர் கையில் ஒரு பெட்டி ரோல்ஸைத் திணித்தார். தியாகராஜா அண்ணை கடைசிவரை ஒரு சொல்லும் பேசவில்லை.