தண்ணீர் குடிக்காத பிள்ளைகள்

கைரியா டீச்சருக்கு நாற்றம் ஆகாது. மடவளை பஸ்ஸில் பக்கத்தில் யாராவது கருவாட்டுப் பையோடு உட்கார்ந்தால் எழுந்து நின்றே வருவார். கட்டுகஸ்தோட்டைக்கு அப்பால் இருந்த அந்தப் பள்ளிக்கூடத்துக்கு விஞ்ஞான ஆசிரியையாக வந்த முதல் நாளே, ஏழாம் தர வகுப்பின் ஜன்னலால் மலசலகூட வாடை வந்து முகத்தில் அடித்தது. அவர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பாடம் நடத்தினார். இது நடந்து பதினான்கு வருடங்கள் ஆகின்றன.

அந்த மாதமே பஸ்னா என்ற மாணவி காலைக் கூட்டத்தில் மயங்கி விழுந்தாள். சிறுநீரில் கிருமி என்றார் டொக்டர்.

"தண்ணி குடிக்கிறல்லையா மகள்?" என்று டீச்சர் கேட்டார்.

"குடிச்சா போகோணும் மிஸ். அங்க போகேலா."

அடுத்த நாள் டீச்சர் புத்தகத்தைத் திறக்கவில்லை. பள்ளியில் தண்ணீர் குடிக்காமல் வீடு போகிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிவரச் சொல்லி ஏழாம் தரத்தை அனுப்பினார். நூற்று நாற்பத்திரண்டு பெண் பிள்ளைகளில் தொண்ணூற்றேழு பேர். பிள்ளைகள் விடவில்லை. கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையில் நூல் பிடித்து அளந்தார்கள்; இருபத்து மூன்று அடிதான். எல்லாவற்றையும் பெரிய தாளில் வரைந்து பெற்றோர் கூட்டத்தில் தொங்கவிட்டார்கள். அடுத்த நான்கு சனிக்கிழமைகளும் தகப்பன்மார் சீமெந்துக் கையோடு நின்றார்கள். பெண் பிள்ளைகளுக்கு ஆறு மலசலகூடங்கள் எழுந்தன. புதுக்குழி கிணற்றிலிருந்து தள்ளிப் போனது.

அதற்குப் பிறகு ஆறாம் தரம் முதல் ஒன்பதாம் தரம் வரை, தவணைக்கு ஒரு கேள்வி, அதற்கு ஒரு தேடல் என்று பழக்கமாகிவிட்டது. அதற்கு ஒரு பெயர் வைக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை.

பெயர் கல்வி அலுவலக மேலிடத்திலிருந்து வந்தது. 'செயற்றிட்ட வழிக் கற்றல் பாடசாலை' என்று பலகை மாட்டினார்கள். ஒவ்வொரு செயற்றிட்டத்துக்கும் புள்ளி, ஒவ்வொரு வருடமும் கண்காட்சி. பிள்ளைகள் தேடுவதை நிறுத்தினார்கள். பெற்றோர் கடைக்கு ஓடினார்கள். எரிமலை, காற்றாலை, சூரிய சக்தி வீடு என எல்லாம் ரெஜிபோம் என்னும் வெள்ளை நுரை அட்டையில் வெட்டி ஒட்டித் தயாராகக் கிடைத்தன. ஒரு முறை டீச்சர் ஒரு காற்றாலையைத் திருப்பிப் பார்த்தார். அடியில் போன வருடத்து மாணவனின் பெயர் அரைகுறையாக அழிக்கப்பட்டிருந்தது. நடுவர்கள் அதற்குத்தான் முதலிடம் கொடுத்தார்கள். மண்டபம் முழுக்கப் பசையும் பெயின்ட்டும் மணத்தன. பழைய குழியின் நாற்றம் இதைவிட யோக்கியமானது என்று நினைத்தபடி அவர் வெளியே வந்து வாந்தி எடுத்தார்.

இந்த வருடம், அந்தப் பலகை மாட்டிய பத்தாண்டு நிறைவுக்கு ஒரு மலர். 'பாடசாலையின் வரலாறும் பணிக்கூற்றும்' எழுதும் வேலை டீச்சருக்கு வந்தது. நடந்ததை நடந்தபடி எழுதினார். பாடசாலை அதிபர் நவரட்ணராஜா முதல் பக்கத்தை வாசித்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"ரீச்சர், விசயம் உண்மைதான். ஆனா மலரில மூத்திரக் கதை வேண்டாம்."

"அதுலதானே சேர் தொடங்கினது?"

"ஓம், ஓம். எண்டாலும் பெரிய ஆக்கள் வாசிக்கிற புத்தகம். அழகா ஒரு தொடக்கம் போடுங்கோ."

டீச்சர் போடவில்லை. அதிபரே போட்டார். அதிகாரிகளின் தொலைநோக்கில் உதித்து, உலகத் தரத்தை நோக்கி நடைபோடும் பள்ளியாக அது அச்சானது. பஸ்னாவும் இல்லை, சனிக்கிழமைத் தகப்பன்மாரும் இல்லை.

விழாவுக்கு முதல் நாள் டீச்சர் பின்பக்கம் போனார். ஆறு மலசலகூடங்களில் நான்கில் குழாய் வேலை செய்து மாதங்களாகியிருந்தன. நிலமெல்லாம் மஞ்சள் கறை, ஈ. மற்ற இரண்டையும் கழுவி, சவர்க்காரமும் துவாயும் வைத்து, விருந்தினருக்கென்று பூட்டியிருந்தார்கள். திரும்பும்போது ஏழாம் தரத்துப் பிள்ளைகளின் தண்ணீர்ப் போத்தல்களைப் பார்த்தார். பள்ளி விடும் நேரம், ஒன்றில்கூடத் தண்ணீர் குறையவில்லை.

விழாவுக்கு வந்த அதிகாரி ஒருவர் மலசலகூடம் போய்வந்து, சுத்தம் பிரமாதம் என்று மேடையிலேயே சொன்னார். கை தட்டினார்கள். தட்டியவர்களில் காலையிலிருந்து அடக்கிக்கொண்டிருந்த பிள்ளைகளும் இருந்தார்கள். டீச்சர் எழுந்து அலுவலகத்துக்குப் போய், ஆணியில் தொங்கிய அந்த இரண்டு மலசலகூடங்களின் சாவிகளை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு வீடு போனார்.

திங்கட்கிழமை வேளையோடு வந்து இரண்டு கதவுகளையும் திறந்துவிட்டார். அதிபர் சாவியைக் கேட்டார்.

"தாரல்ல சேர். புள்ளைகள் பாவிக்கட்டும்."

"விருந்தினர் வந்தா என்ன செய்யிறது?"

"அவங்களும் வரிசையில நிக்கட்டும்."

அதிபர் மேலிடத்துக்கு முறைப்பாடு எழுதினார். விளக்கம் கேட்டு டீச்சருக்குக் கடிதம் வந்தது. அவர் ஒரே வரியில் பதில் அனுப்பினார்: இருநூற்றுப் பதினொரு பெண் பிள்ளைகளுக்கு இரண்டு மலசலகூடம். மறுபதில் இன்னும் வரவில்லை. நான்கு குழாய்களும் அப்படியே கிடக்கின்றன. இடைவேளை மணி அடித்ததும் வரிசை மைதானம்வரை நீளுகிறது. பாதிப் பேர் முறை வருமுன்னே வகுப்புக்குத் திரும்பிவிடுகிறார்கள்.