அடி வாங்கத் தெரியாத வாத்தியார்

என் அக்காள் புருஷனுக்கு ஜப்பானிய வாள்வித்தை தெரியும் என்று எங்கள் ஊரே சொல்லும். எங்கள் தீவில், ரோஸ் பெல்லுக்குப் பக்கத்தில், நாலு பக்கமும் கரும்பு சூழ்ந்த சிற்றூர் அது. அங்கே யாரும் ஜப்பானைப் பார்த்ததில்லை. வாளையும் பார்த்ததில்லை. ஆகவே அத்தான் சொன்னதே வேதம்.

என் கணவர் மலேரியாவில் போன பிறகு நான் அக்காள் வீட்டோடு இருந்தேன். அத்தான் வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு அவரைப் பற்றி இப்படிப் பேசலாமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். அந்தச் சோற்றை வடித்தவள் நான்.

அத்தான் பக்கத்துத் தோட்டத்தில் சர்தார். கரும்பு வெட்டும் ஆட்களை மேய்ப்பது வேலை. யாருக்கு நல்ல வரிசை, யாருக்குக் கல்லும் முள்ளுமான வரிசை, நாளைக்கு யாருக்கு வேலை இல்லை என்பதெல்லாம் அவர் வாயில் இருந்தது. இளம் வயதில் சரக்குக் கப்பலில் சமையல் வேலைக்கு ஓடிப்போனவர். கப்பல் பழுதாகி ஜப்பானியத் துறைமுகம் ஒன்றில் மாதக்கணக்கில் நின்றதாம். அங்கே ஒரு மகா குரு இவரைப் பார்த்த மாத்திரத்தில், "இத்தனை காலம் உனக்காகத்தான் காத்திருந்தேன்" என்றாராம். எந்த மொழியில் சொன்னார் என்று நான் ஒருமுறை கேட்டேன். அன்று முழுக்க அத்தான் என்னோடு பேசவில்லை. கரிய மரத்தில் செய்த வாள் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். சாமி படத்துக்குக் கீழே அதை வைத்து, வெள்ளிக்கிழமை தவறாமல் பூப்போடச் சொல்வார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் பாடம் நடக்கும். சீடர்கள் யார்? அவருடைய ஆட்கள்தாம். வரமாட்டேன் என்று சொன்னால் திங்கட்கிழமை என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். ஊரின் சிறு தோட்டக்காரர்கள், ஐந்தாறு ஏக்கர் கரும்பு வைத்துக்கொண்டு கோட்டும் தொப்பியுமாகத் திரிந்தவர்கள், நாற்காலி போட்டு முன்வரிசையில் உட்காருவார்கள்.

பாடம் என்பது இதுதான். ஓர் ஆள் கொய்யாக் கம்போடு அத்தான் தலையை நோக்கி ஓடிவர வேண்டும். அத்தான் களைத்துப்போனவர்போல வாளை முழங்காலுக்குப் பக்கத்தில் தாழ்த்திக்கொண்டு நிற்பார். கம்பு இறங்கும்போது இடது காலைப் பின்னுக்கு இழுத்துச் சாய்ந்து, கீழேயிருந்து ஓங்கி மணிக்கட்டில் அடிப்பார். கம்பு பறக்கும். தோட்டக்காரர்கள் கைதட்டுவார்கள். அடுத்த ஆள் வருவான். மறுபடியும் அதே சாய்வு, அதே மணிக்கட்டு, அதே கைதட்டல். இதைப் பார்த்து இவர்களுக்கு அலுக்கவே இல்லை. அடுத்தவன் கையில் விழும் அடி யாருக்கு அலுக்கும்?

ஒரு வெட்டுக் காலத்தில், ஆட்களிலேயே நல்ல வெட்டுக்காரரான ஒரு நெட்டை மனிதரின் கட்டைவிரல் முறிந்தது. அதிகம் பேசாதவர். விரலைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அக்காள் மஞ்சள் பற்றுப் போட்டாள். விரல் கோணலாகவே கூடிற்று. அதற்குப் பிறகு அவரால் கத்தியைப் பழையபடி பிடிக்க முடியவில்லை. அத்தான் அவரைக் களை பிடுங்கும் வேலைக்கு மாற்றினார்.

அன்று சாப்பாடு போடும்போது கேட்டுவிட்டேன்.

"அத்தான், நீங்க மட்டும் ஒருநாளும் அடி வாங்கறதில்லையே, ஏன்?"

"குரு அடி வாங்கினா அது என்ன வித்தை?" என்றார். "பொம்பளைக்கு இதெல்லாம் புரியாது. ரசம் ஊத்து."

ஊற்றினேன். கொஞ்சம் சூடாகவே ஊற்றினேன்.

அடுத்த ஆண்டு தலைநகர் போர்ட் லூயியின் துறைமுகத்துக்கு ஒரு ஜப்பானியக் கப்பல் வந்தது. மாலுமிகள் ஒரு மைதானத்தில் தங்கள் ஊர் விளையாட்டுகளைக் காட்டப்போகிறார்கள் என்று சீனக்கடையில் பேச்சு அடிபட்டது. உடனே தோட்டக்காரர்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். "உங்க ஆளுங்க வந்திருக்காங்களே!" என்று ஒரே குதூகலம். அத்தான் முகத்தில் அந்தக் குதூகலத்தைக் காணோம். வயிறு சரியில்லை என்று சொல்லிப் பார்த்தார். யாரும் விடவில்லை. தோட்டக்காரர்கள், வெட்டும் ஆட்கள், அக்காள், நான் எல்லோரும் ரோஸ் பெல்லில் ரயில் ஏறினோம். வழி முழுக்க அத்தான் ஜன்னலுக்கு வெளியே கரும்பைப் பார்த்துக்கொண்டே வந்தார், அதற்குமுன் கரும்பையே பார்த்திராதவர்போல.

மைதானத்தில் முதலில் மல்யுத்தம் நடந்தது. கூட்டத்துக்கு அது பிடித்தது. பிறகு இரண்டு பேர் மரவாள்களோடு வந்தார்கள். ஒருவர் நரைத்த கிழவர், மற்றவன் இளைஞன். குனிந்து வணங்கிக்கொண்டார்கள். கிழவர் வெட்ட வந்தார். இளைஞன் விலகி, பதிலுக்கு வெட்டி, கிழவரின் உடம்புக்கு நெல்மணி அளவு முன்னால் வாளை நிறுத்தினான். கிழவர் பின்வாங்கினார். மறுபடி வந்தார். மறுபடி தோற்றார். சத்தம் இல்லை, ரத்தம் இல்லை. சனங்கள் கடலை வாங்கப் போனார்கள்.

எங்களுக்கு முன்னால் துறைமுகத்தில் வேலை பார்க்கும் தமிழர் ஒருவர் நின்றார். கப்பல் அதிகாரி ஆங்கிலத்தில் சொல்வதைக் கேட்டு, எங்கள் தீவுப் பேச்சான கிரியோலிலும் தமிழிலும் சொல்வது அவர் வேலை. "வயசானவர் ஏன் தோத்துக்கிட்டே இருக்காரு?" என்று கேட்டேன்.

"அவருதாம்மா வாத்தியாரு. இதுல வாத்தியாருதான் வெட்ட வரணும், வாத்தியாருதான் தோக்கணும். பையன் கத்துக்கணும்ல? சோடி சோடியாத்தான் பாடமாம். அந்தச் சோடியைப் பார்த்தே எந்தப் பள்ளிக்கூடம்னு சொல்லிடுவாங்களாம்."

அப்போதுதான் இளைஞன் களைத்தவன்போல வாளை முழங்காலுக்குப் பக்கத்தில் தாழ்த்தினான். கிழவர் தலையை நோக்கி வந்தார். இளைஞனின் இடது கால் பின்னுக்கு வழுக்கியது. உடம்பு சாய்ந்தது. வாள் கீழேயிருந்து எழும்பி மணிக்கட்டின் அருகில் நின்றது.

அக்காள் என் கையைப் பிடித்தாள். அவளும் கண்டுகொண்டாள். இத்தனை வருஷமாக எங்கள் கொல்லையில் பார்த்த அதே சாய்வு. அத்தான் பொய் சொல்லவில்லை! ஜப்பானில் எங்கோ ஒரு வேலி இடுக்கில் நின்று உண்மையாகவே இதைப் பார்த்திருக்கிறார். ஆனால் பார்த்தது சின்னவனின் பாதியை. எப்போதும் ஜெயிக்கிற பாதியை. அதைத் தூக்கிக்கொண்டுவந்து குருவாகிவிட்டார்.

இதற்குள் தோட்டக்காரர்கள் அத்தானை முன்னே தள்ளிவிட்டார்கள். துறைமுகக்காரர் விஷயத்தைச் சொன்னார். கிழவர் சிரித்துக்கொண்டே இளைஞனின் வாளை வாங்கி அத்தானிடம் நீட்டினார். அத்தான் வாளை முழங்காலுக்குத் தாழ்த்தினார். கிழவரின் கண் விரிந்தது. வெட்ட வந்தார். அத்தான் சாய்ந்தார், எழுப்பினார். நிறுத்தத்தான் அவருக்குத் தெரியவில்லையே! மணிக்கட்டில் விழுந்த சத்தம் எங்களுக்குக் கேட்டது.

கிழவர் ஒரு சத்தமும் போடவில்லை. கையைத் தேய்த்துவிட்டுக் குனிந்து வணங்கினார். பிறகு, இனி நீங்கள் வாருங்கள் என்று சைகை காட்டி, தாமே வாளைத் தாழ்த்திக்கொண்டு நின்றார்.

அத்தான் நின்றார். எந்தக் காலை முன்னால் வைப்பது, எவ்வளவு தூரத்தில் ஓங்குவது, ஒன்றும் தெரியவில்லை. கிழவர் பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு அதிகாரியிடம் ஏதோ சொன்னார். அதிகாரி சொன்னதைத் துறைமுகக்காரர் உரக்கச் சொன்னார்.

"இது அவங்க பள்ளிக்கூடத்துப் பாடம்தானாம்! பார்த்ததும் தெரிஞ்சுபோச்சாம்!"

அவ்வளவுதான். எங்கள் தோட்டக்காரர்கள் தொப்பியைத் தூக்கி எறிந்து ஆர்ப்பரித்தார்கள். துறைமுகக்காரர் இன்னும் முடிக்கவில்லை. "ஆனா இது சேர்ந்த புதுசுல குடுக்கிற பாடமாம். சொல்லிக்குடுக்கிறவங்க பக்கம் இவருக்குத் தெரியாதாம்" என்றார். அதைக் கேட்க எவனுக்குப் பொறுமை? அத்தான் கழுத்தில் மாலை விழுந்துவிட்டது. மாலையை எங்கே வாங்கினார்கள் என்பது இன்றைக்கும் எனக்குப் புதிர். திரும்பும் ரயிலில் அவர் ஜன்னல் பக்கம் பார்க்கவே இல்லை. எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார்.

ஆனால் மைதானத்தில் கைதட்டாமல் நின்ற வெட்டு ஆட்களும் சிலர் இருந்தார்கள். அவர்கள் துறைமுகக்காரர் சொன்னதை முழுக்கக் கேட்டிருந்தார்கள்.

அடுத்த ஞாயிறு கொல்லையில் என்றுமில்லாத கூட்டம். அத்தான் வாளைத் தாழ்த்தி நின்று, "வா" என்றார். நெட்டை மனிதர் வந்தார். ஓங்கவில்லை. கோணல் விரலால் கம்பைக் கீழே தாழ்த்தி, முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"ஆனு சாஞ்சே, சர்தார்" என்றார் கிரியோலில். "மாத்திக்குவோம்."

"என்னடா சொல்றே?"

"நீங்கதானே வாத்தியாரு. கப்பல்ல வந்த பெரியவர் செஞ்ச மாதிரி நீங்க வெட்ட வாங்க. நான் சின்னவன் பக்கம்."

முன்வரிசைத் தோட்டக்காரர் ஒருவர், "ஆமா ஆமா, அதுதானே அசல் முறை!" என்று கைதட்டினார். வாழ்நாளில் அவர் செய்த ஒரே நல்ல காரியம் அது. அதுவும் புரியாமல் செய்தது.

அத்தான் அக்காளைப் பார்த்தார்.

"போங்க. பள்ளிக்கூடத்து முறைன்னு நீங்கதானே ஊரெல்லாம் சொன்னீங்க" என்றாள் அக்காள்.

அவர் ஓங்கிக்கொண்டு போனார். நெட்டை மனிதர் இடது காலை இழுத்துச் சாய்ந்தார். எத்தனை ஞாயிறு பார்த்த சாய்வு! தவறே இல்லை. நிறுத்த அவருக்கும் தெரியாது. அதை யார் அவருக்குக் கற்றுக்கொடுத்தார்கள்? அத்தான் அலறிய அலறல் சீனக்கடை வரை கேட்டிருக்கும். நெட்டை மனிதர் கம்பைக் கீழே வைத்து, அந்தக் கிழவரைப்போலவே குனிந்து வணங்கிவிட்டு நடந்தார். மற்ற ஆட்களும் கம்புகளை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டு அவர் பின்னால் போனார்கள். ஒருவனைக் கூப்பிட்டுத் திட்டக்கூட அத்தானுக்கு மூச்சு இல்லை.

அதோடு ஞாயிற்றுக்கிழமைப் பாடம் நின்றது. ஆட்கள் எல்லோருமாகச் சேர்ந்து போனதால் யாரை வேலையிலிருந்து நிறுத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை. நெட்டை மனிதர் மட்டும், தாமாகவே, போர்ட் லூயிக்குப் பக்கத்தில் ரோஷ் புவாவில் இருந்த தம்பி வீட்டுக்குக் குடிபோய்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். விரல் நேராகவில்லை. அத்தானின் அலறலால் அவர் விரல் நேராகியிருந்தால் நானும் கைதட்டியிருப்பேன்.

ஊர் என்ன சொன்னது தெரியுமா? ஜப்பானியக் குரு கப்பலில் ஆள் அனுப்பி, வித்தையை இனி வெளியாருக்குக் காட்டக் கூடாது என்று தடுத்துவிட்டாராம். தோட்டக்காரர்கள் அதை அப்படியே நம்பினார்கள். காவடித் திருவிழாவில் அத்தானை மேடையேற்றி, ஜப்பானியர்களின் அடக்கத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நெடுநேரம் பேசினார்.