‘போ’ வரைக்கும் கேட்டது

யாழ்ப்பாணத்தில் நான் வேலை செய்த பத்திரிகையில் ஒரு விதி இருந்தது: காதில் விழாததை எழுதக் கூடாது. ஜெர்மனியில் ஹம் நகருக்கு வந்து, ஜாம் தொழிற்சாலையில் போத்தல் மூடிகளைச் சரிபார்க்கும் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அந்தப் பழக்கம் என்னிடம் இருந்தது.

2009 வசந்தகாலத்தில் மேல் வீட்டுக்காரர்கள் என்னை அடிக்கடி கூப்பிட்டார்கள். கணவன், மனைவி, முதியோர் இல்லத்தில் தொழிற்பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த மகள். மனைவியின் தங்கை இரண்டு பிள்ளைகளோடு, போர் நடந்துகொண்டிருந்த வன்னியில், கடலுக்கும் களப்பு என்ற உப்புநீர் ஏரிக்கும் நடுவே ஒடுங்கிய மணல் துண்டில் இருந்தாள். பத்திரிகையில் இருந்தவனுக்கு அடுத்து நடக்கப்போவது தெரியும் என்று அவர்கள் நம்பினார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் நடந்து முடிந்தவை. மொழிச் சட்டம், பல்கலைக்கழக அனுமதி, எரிந்த கடைகள், பேச்சுவார்த்தையில் நம்பிக்கை இழந்து துவக்கைத் தூக்கிய இளைஞர்கள், அவர்கள் தங்கள் ஆட்களையே சுட்டது. இவற்றை வரிசையாகச் சொல்ல என்னால் முடியும். அந்த மணலில் நிற்கும் ஒரு பெண் எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்று சொல்ல முடியாது. பாதுகாப்பு வலயம் என்று அரசு அறிவித்த இடத்தில்தான் ஷெல் விழுந்துகொண்டிருந்தது. வெளியேற முயன்றவர்களை அந்த இளைஞர்களின் இயக்கம் சுட்டதாகவும் செய்தி வந்தது.

ஒரு ஞாயிறு மத்தியானம் அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. அங்கே யாரிடமோ இருந்த சற்றலைட் போனுக்கு வரிசையில் நின்று தங்கை எடுத்திருந்தாள். ஸ்பீக்கரைப் போட்டார்கள்.

“அக்கா, பங்கருக்குள்ள தண்ணி ஏறுது. இனி இஞ்ச இருக்க ஏலாது.”

“சாப்பிட்டனீங்களோ?”

“கஞ்சி. ஜெர்மன் பெரியம்மாட்ட புட்டு பார்சல் கேக்கச் சொன்னவள் சின்னவள். அக்கா, வடிவாக் கேளுங்கோ. இண்டைக்குப் பொழுதுபட பிள்ளையளோட களப்பைக் கடக்கப் பாக்கிறன். பின்னால ஆக்கள் நிக்கினம். சரி அக்கா, நான் போ...”

கரகரவென்று ஒரு சத்தம். ஷெல்லா, லைன் அறுந்ததா என்று பிரித்தறிய முடியவில்லை.

எங்கள் ஊரில் வீட்டை விட்டுக் கிளம்புகிறவர் ‘போறன்’ என்று சொல்வதில்லை. ‘போட்டு வாறன்’, அதாவது போய்விட்டு வருகிறேன், என்பார். போனவர் திரும்பி வர வேண்டும் என்பதற்காக.

“அதைச் சொல்லாட்டி அம்மா எங்களை வாசல் தாண்ட விடமாட்டா” என்றாள் மனைவி. “அவள் சொல்லேல்லை.”

“லைன் கட்டானா வாறனும் சேர்ந்துதான் கட்டாகும்” என்றார் கணவர். “உனக்கு எல்லாத்துக்கும் சாத்திரம்.”

அவள் என் பக்கம் திரும்பினாள். “அண்ணை, நீங்கள் பேப்பரில இருந்தனீங்கள். யோசிச்சுச் சொல்லுங்கோ. போறன் எண்டவளோ, போட்டு எண்டவளோ?”

அவள் முதுகுக்குப் பின்னால் கணவர் உதட்டை மட்டும் அசைத்துக் காட்டினார்: போட்டு.

“எனக்குப் ‘போ’ மட்டும்தான் கேட்டது” என்றேன்.

அவர் கோப்பையைத் தள்ளிவைத்தார். “ஒரு எழுத்தைக் கூட்டிச் சொன்னா உங்கட பேப்பரைப் பூட்டிப்போடுவாங்களோ?”

அதன் பிறகு தங்கையிடமிருந்து அழைப்பு வரவில்லை. வைகாசியில் ஜெர்மன் தொலைக்காட்சி போர் முடிந்ததாகச் சொன்னது. அடுத்தது வானிலை. சொன்ன செய்தியில் பிழை ஒன்றும் இல்லை. முகாம்களில் இருந்தவர்களிடம் விசாரித்தோம். அன்று மாலை பலர் களப்பில் இறங்கினார்கள் என்றார்கள். சிலர் கரையேறினார்கள். அவளைக் கண்டவர் எவரும் இல்லை.

ஆனி மாதத்தில் ஒருநாள் காலை நான் கீழ்வாசலில் சைக்கிளை எடுத்துக்கொண்டிருந்தேன். மேல் வீட்டு மகள் “சூஸ், அம்மா!” என்று ஜெர்மனில் விடைசொல்லிக் கத்திக்கொண்டே படியில் இறங்கி ஓடிவந்தாள்.

மேலேயிருந்து குரல் வந்தது. “என்ன சொன்னனீ?”

“ட்ரெயின் போகப்போகுது, அம்மா!”

மேலே கதவு சாத்தப்படவில்லை. மகள் என்னைப் பார்த்தாள். பையை என் சைக்கிளில் மாட்டிவிட்டுத் திரும்பவும் ஏறினாள்.

“போட்டு வாறன்.”

“கேக்கேல்லை.”

“போட்டு வாறன், அம்மா.”

“ஓம். போட்டு வா.”

அந்த ரயிலை அவள் தவறவிட்டாள்.